ஒயிட் ரிம் பாதையில் மூன்று நாள் மோட்டார் சைக்கிள் பயணம்: தண்ணீரை எப்படிச் சுமப்பது?

டென்வர்க்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவிலுள்ள ஒயிட் ரிம் பாதையை மோட்டார் சைக்கிளில் சுற்றி வர நானும் நண்பர் ஒருவரும் முடிவு செய்திருக்கிறோம். என்னிடம் சுசுகி டி.ஆர். 650 இருக்கிறது, நண்பர் கவாசாகி கே.எல்.ஆர். 650 ஓட்டுகிறார். கொலராடோவின் மலைக்கணவாய்களில் கற்சாலைகளில் ஐந்தாறு ஆண்டுகளாக ஓட்டிய பழக்கம் எங்கள் இருவருக்கும் உண்டு என்றாலும், கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றிய வண்டியைப் பாலை மணலில் ஓட்டிய அனுபவம் இருவருக்குமே இல்லை.

அனுமதிச்சீட்டு கிடைத்துவிட்டது. முதல் இரவு ஏர்போர்ட் முகாமிலும் இரண்டாம் இரவு பொட்டேட்டோ பாட்டம் முகாமிலும் தங்குவதாகப் பதிவு செய்திருக்கிறோம். வழியில் எங்கும் குடிநீர் இல்லை என்று பூங்காவின் அறிவிப்பில் படித்ததிலிருந்து எனக்குக் கவலை தொடங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டாலே மூன்று நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர், அதாவது பன்னிரண்டு கிலோ ஆகிறது. கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, கருவிகள், கூடுதல் பெட்ரோல் எல்லாவற்றுக்கும் மேல் இதை எங்கே கட்டுவது? வழியில் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. வலமாகச் சுற்றுவது நல்லதா, இடமாகச் சுற்றுவது நல்லதா? என் மைத்துனர் தம் காரில் சாமான்களையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்கிறார். அது எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும் எஸ்.யூ.வி.தான், ஆனால் செங்குத்தில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் தாழ்கியர் கிடையாது. அவரை அழைத்துச் செல்லலாமா?

மலைவழிக்காரன்

வணக்கம் நண்பரே. அந்தப் பாதையை நான் மூன்று முறை சுற்றியிருக்கிறேன். இரண்டு முறை மோட்டார் சைக்கிளில், ஒரு முறை ஜீப்பில். நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்கியது சரியான இடம், ஏனென்றால் அந்தப் பயணத்தில் மற்ற முடிவுகள் அனைத்தும், எந்தத் திசையில் சுற்றுவது என்பது உட்பட, தண்ணீரின் எடையை ஒட்டியே அமைகின்றன.

முதலில் மைத்துனரின் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அவரை அந்தப் பாதையில் இறக்காதீர்கள். தரையிலிருந்து உயரமாக நிற்கும், நான்கு சக்கர இயக்கத்துடன் தாழ்கியரும் உள்ள வண்டிக்கு உரிய பாதை அது. மேட்டுநிலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும் ஷேஃபர் பாதையை அவர் இறங்கிவிடக்கூடும்; மர்ஃபி ஹாக்பேக் மேட்டில் உதிரிக் கற்களும் படிப்படியான பாறைகளும் கலந்து கிடக்கும் ஏற்றத்தில் தாழ்கியர் இல்லாத வண்டி பாதியில் நின்றால், பின்பக்கமாக இறங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. அங்கிருந்து ஒரு வண்டியை இழுத்து வெளியே கொண்டுவர ஆகும் செலவு எளிதாக ஆயிரம் டாலரைத் தாண்டும். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால், இழுப்பு வண்டியை அழைக்கவே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேண்டும்.

இனித் தண்ணீர். நாளுக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அக்டோபரில் பகல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும் என்றாலும், மணலில் நின்றுகொண்டே வண்டியை மல்லுக்கட்டி ஓட்டும்போது வியர்வை காய்ந்துபோவதே தெரியாமல் உடல் நீர் இழக்கும், சமையலுக்கும் வேண்டும். ஆளுக்குப் பதினைந்து லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி எடுத்துச் செல்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் முதன்முறை சென்றபோது பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பின்னிருக்கையின் மேல் நிற்க வைத்துக் கட்டியிருந்தேன். முதல் நாள் மாலையில் அது பாதி காலியானதும், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உள்ளே இருந்த தண்ணீர் ஒரு கணம் தாமதமாக முன்னும் பின்னும் மோதி வண்டியின் வாலைத் தள்ளிவிட்டது. யாரோ பின்னால் உட்கார்ந்துகொண்டு தோளைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது. அடுத்த முறை இரண்டு லிட்டர், நான்கு லிட்டர் மடிப்புப் பைகளை வாங்கினேன். குடிக்கக் குடிக்க அவை சுருங்கிவிடும். உள்ளே காற்று இல்லாததால் தண்ணீர் ஆடாது. ஒரு பை கிழிந்தாலும் மொத்தத் தண்ணீரும் போய்விடாது என்பது இன்னொரு பயன்.

அவற்றை பெட்ரோல் டேங்கின் இருபுறமும் தொங்கும் பைகளில், முழங்காலுக்கு முன்னால், முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். மீதியைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில் வையுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் படுக்கைப் பை, கூடாரம் போன்ற இலேசான பொருள்கள் மட்டுமே இருக்கட்டும். குடிக்கும்போது பின்னால் உள்ள தண்ணீரை முதலில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையில் இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். நின்று ஓட்டும்போது அந்த எடை இடுப்பைக் கழற்றிவிடும்.

ஆற்றுத் தண்ணீரை நம்ப வேண்டாம். கிழக்கே கொலராடோ ஆறும் மேற்கே கிரீன் ஆறும் ஓடினாலும், பாதை செல்லும் ஒயிட் ரிம் தளம் பெரும்பகுதி ஆற்று மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. மேற்குப் பக்கத்தில் பாதை கிரீன் ஆற்றோரமாக இறங்கியபின் எட்டும். ஆனால் அந்தத் தண்ணீரில் வண்டல் அவ்வளவு இருக்கிறது, வடிகட்டி சிறிது நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் இரவு முழுதும் தெளிய வைத்து, மேலாக எடுத்து வடிகட்டினால் அவசரத்துக்கு உதவும். நேர்வழி என்னவென்றால், பாதைக்குள் இறங்கும் நாள் காலையில், பூங்காவின் மேட்டுநிலத்திலுள்ள ஐலண்ட் இன் தி ஸ்கை பார்வையாளர் மையத்தில் குடிநீர் நிரப்பிக்கொள்வதுதான். முந்தைய வாரமே போய் வழியில் தண்ணீர்க் கேன்களை ஒளித்து வைத்துவிட்டு வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தேசியப் பூங்காக்களில் பொருள்களைக் கவனிப்பாரின்றி 24 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைப்பதற்கு விதி இடம் தருவதில்லை.

பெட்ரோலையும் இதனுடன் சேர்த்தே பாருங்கள். ஒயிட் ரிம் வளையம் மட்டும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பூங்காவுக்கு அருகிலுள்ள மோவாப் நகரிலிருந்து புறப்பட்டு மோவாபுக்கே திரும்பினால் 220, 240 கிலோமீட்டர் ஆகிவிடும். பார்வையாளர் மையத்தில் பெட்ரோல் கிடையாது. நண்பரின் கே.எல்.ஆரில் 23 லிட்டர் கொள்ளும், அவருக்குக் கவலை இல்லை. உங்கள் டி.ஆரின் டேங்க் 13 லிட்டர்தான். முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து செல்லும் பாதையில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. டேங்கை மாற்றவில்லையென்றால் நான்கு லிட்டராவது கூடுதலாக வேண்டும், இல்லையெனில் நண்பரின் டேங்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு குழாய் வேண்டும். அந்தக் குழாயே இலேசான தீர்வு என்பது என் கருத்து.

திசைக்கு வருகிறேன். ஷேஃபர் பாதையில் இறங்கி மினரல் பாட்டத்தில் ஏறி வெளியேறும் வலச்சுற்றையே நான் பரிந்துரைப்பேன். பாதையின் கிழக்குப் பாதி பெரும்பாலும் கெட்டிப் பாறை. அங்கே முழு எடையோடு மெதுவாகச் சென்றால் போதும். ஆழமான மணல் மேற்கே, கிரீன் ஆற்றோரம் பொட்டேட்டோ பாட்டத்தைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் வருகிறது. வலமாகச் சென்றால் அந்த மணலை அடையும்போது உங்கள் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்திருக்கும். இடமாகச் சென்றால், பாலை மணலில் ஓட்டிப் பழகாத நீங்கள் பதினைந்து கிலோ தண்ணீரோடு முதல் நாளே அதில் இறங்குவீர்கள்.

உங்கள் முகாம் பதிவில் ஒரு குறை இருக்கிறது. பார்வையாளர் மையத்திலிருந்து ஏர்போர்ட் முகாம் 30 கிலோமீட்டர்தான், நண்பகலுக்குள் சென்றுவிடுவீர்கள். அங்கிருந்து பொட்டேட்டோ பாட்டம் 75 கிலோமீட்டருக்குக் குறையாது, மர்ஃபி மேடும் இடையில் இருக்கிறது. வரைபடத்தில் 75 கிலோமீட்டர் சிறிய எண்ணாகத் தெரியும். சராசரி வேகம் 15 முதல் 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். படம் எடுக்க நிற்பதையும், ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கிவிடுவதையும் கூட்டுங்கள். அக்டோபர் நடுவில் மாலை ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முதல் இரவை, ஏர்போர்ட்டுக்கு அடுத்து வரும் கூஸ்பெரி முகாமுக்கு மாற்ற இயலுமா பாருங்கள்.

நெடுஞ்சாலை நாடோடி

மலைவழிக்காரன் அண்ணன் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். திசையில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எடை ஏற்றிய வண்டியைச் செங்குத்தில் இறக்குவதைவிட ஏற்றுவது எளிது. ஷேஃபரின் கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 450 மீட்டர் இறங்க வேண்டும். எதிரே ஜீப் ஏறி வந்தால் ஏறுபவருக்கு வழிவிட்டு, விளிம்பை ஒட்டி நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே கால் ஊன்றும் இடத்தில் சரளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மணலைக் காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடந்துவிடுவதும் ஒரு வசதிதான்.

இன்னொன்று, டயர். 2019 இல் நான் மோவாபில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த வண்டியின் பின் டயர் நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "இதில் தாராளமாகப் போகலாம்" என்று அங்கிருந்தவர் சொன்னதை நம்பினேன். மர்ஃபி ஏற்றத்தில் நான்கு முறை முயன்றும் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் வந்த ஜீப்காரர்கள் இருவர் இறங்கித் தள்ளிவிட்டார்கள். கட்டை கட்டையான பிடிப்புகள் உள்ள நல்ல பட்டன் டயர் இல்லாமல் இறங்காதீர்கள்.

மலைவழிக்காரன்

ஷேஃபரில் இறங்குவது பற்றிய தங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் இடமாகச் சுற்றினால் மினரல் பாட்டத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இரண்டில் ஒன்றை இறங்கித்தான் ஆக வேண்டும் என்னும்போது, உடல் களைக்காத முதல் நாள் காலையில் இறங்குவதே மேல் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், எஞ்சினின் இழுவையிலேயே விட்டு, பின் பிரேக்கை மட்டும் இலேசாகத் தொட்டால் போதும். மோட்டார் சைக்கிளுக்கு ஷேஃபர் சாலையில் போதிய அகலம் உண்டு. விளிம்பைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பார்த்தால் வண்டி அங்கேதான் செல்லும்.

மர்ஃபிக்கு ஒரு குறிப்பு. அந்த ஏற்றத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம் உண்டு, உச்சியில் எதிரே வருவது தெரியாது. ஒருவர் நடந்து மேலே போய்ப் பார்த்துக் கையசைத்தபின் மற்றவர் கிளம்ப வேண்டும். கிளம்பிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது.

செம்மண்

நான் அந்தப் பாதையை மலைச் சைக்கிளில் நான்கு நாள்களில் சுற்றியவள். எங்கள் குழுவுக்குத் துணையாக ஒரு நான்கு சக்கர வண்டி தண்ணீரையும் சாமான்களையும் சுமந்து வந்தது. குழுவுக்கு 15 பேர், மூன்று வண்டிகள் என்பது அங்கே உச்சவரம்பு. எடையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை; பாதையைப் பற்றிச் சொல்லலாம்.

இதை நாம் எல்லோரும் சாலைக்கு அப்பாற்பட்ட ஓட்டம் என்றே பேசுகிறோம், ஆனால் அந்தப் பூங்காவில் சாலையை விட்டு ஒரு முழம்கூட விலகி ஓட்ட அனுமதி இல்லை. பாதையின் இருபுறமும் கரிய மொரமொரப்பான மேலோடு போல மண் தெரியும். குனிந்து பார்த்தால் சின்னஞ்சிறு கோபுரங்கள் முளைத்தது போல இருக்கும். அது நீலப்பசும் பாசி என்னும் நுண்ணுயிர், லைக்கன், மாஸ் வகைப் பாசி எல்லாம் சேர்ந்து மணலைக் கட்டிவைத்திருக்கும் உயிருள்ள தோல். காற்று மண்ணை அள்ளிச் செல்லாமல் காப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதும் அதுதான். ஒரு டயர் தடம் அதன் மேல் விழுந்தால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிரே வண்டி வரும்போது பலர் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கி அதன் மேல் ஏறிவிடுகிறார்கள். பாறை தெரியும் இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள்.

பாதை அங்கே வந்த கதையும் சுவையானது. ஷேஃபர் பாதை முதலில் பூர்வகுடி மக்கள் மேட்டுநிலத்துக்கும் ஆற்றுக்கும் இடையே நடந்த வழி. பின்னர் கால்நடை வளர்ப்போர் குளிர்காலத்தில் மந்தைகளை இறக்கப் பயன்படுத்தினார்கள். 1950களில் அணுகுண்டுக்கு யுரேனியம் தேடும் வெறி பிறந்தபோது, அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் முயற்சியில், தாது லாரிகள் செல்வதற்காக ஒயிட் ரிம் சாலை வெட்டப்பட்டது. 1952 இல் மோவாபுக்குத் தெற்கே சார்லி ஸ்டீன் என்பவர் பெரும் யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்ததும் அந்தச் சிற்றூர் ஒரே இரவில் சுரங்க நகரமானது. ஆனால் ஒயிட் ரிம் பக்கத்தில் சொல்லும்படியாகத் தாது கிடைக்கவில்லை. சாலை மட்டும் மிஞ்சியது. 1964 செப்டம்பரில் பூங்கா உருவானபோது அந்தச் சாலையும் அதற்குள் வந்தது. கனரக லாரிக்காக வெட்டிய தடத்தில்தான் நாம் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறோம்.

பாதைக்குப் பெயர் தந்த வெள்ளைப் பாறை ஒரு கெட்டியான மணற்கல் அடுக்கு. அதன் அடியில் சிவந்த மென்பாறை. மென்பாறை அரித்துக் குழிந்துபோக, வெள்ளைப் பாறை கூரை இறவாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல் இருக்கலாம். சாலை சில இடங்களில் அந்த விளிம்பை ஒட்டியே போகிறது.

முகாம் விஷயங்கள் சில. விறகு மூட்ட அனுமதியில்லை, எரிவாயு அடுப்பு கொண்டு போங்கள். முகாம்களில் கழிப்பறை உண்டு. குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாய்க்கு இடமில்லை, வண்டிக்குள் இருந்தாலும் கூடாது. அண்டங்காக்கைகளை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூஸ்பெரியில் நாங்கள் விளிம்பைப் பார்க்கப் போன பத்து நிமிடத்தில், சைக்கிளில் தொங்கிய பையின் ஜிப்பின் நுனியை அலகால் கவ்வி, ஒரு காலைப் பையின் மேல் ஊன்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இழுத்துத் திறந்துவிட்டது ஒன்று. வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனதில் வருத்தமில்லை. அடுத்ததாக அது கொத்தியது தண்ணீர்ப் பையை. நல்ல வேளையாக நாங்கள் ஓடி வந்துவிட்டோம். மடிப்புப் பைகளை வெளியே தெரியும்படி விட்டுவிட்டு நகராதீர்கள். ஜிப்புகளைக் கொக்கி போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். 2015 இல் இருள்வானப் பூங்கா என்ற சான்று பெற்ற இடம் அது.

டென்வர்க்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் ஆடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பத்து லிட்டர் கேன் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன், அது இனிக் காரோடு இருக்கட்டும்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. மணலுக்காக டயர் காற்றை எவ்வளவு குறைக்கலாம்? மழை வந்தால் என்ன செய்வது? சென்ற ஆண்டு அக்டோபரில் அங்கே இரண்டு நாள் மழை பெய்ததாக நண்பர் சொல்கிறார். மேலும், எங்களோடு வர ஆசைப்படும் இன்னொருவரிடம் கரடுமுரடான தடங்களில் நடக்கும் போட்டிக்கான என்டூரோ மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதற்கு எண் தகடு இல்லை.

மலைவழிக்காரன்

எண் தகடு இல்லாத வண்டிக்கு அந்தப் பூங்காச் சாலைகளில் இடமில்லை. நான்கு சக்கர ஏ.டி.வி. வகைகளும் அப்படியே. அவரை வேறு பயணத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் இருவர் வண்டியிலும் டியூப் உள்ள டயர் என்பதால், மணலை நினைத்து மிகவும் இறக்கிவிடாதீர்கள். எடையோடு டயரின் காற்றழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால், கிழக்குப் பாதியின் பாறைப் படிகளில் ரிம் டியூபைக் கடித்து இரட்டை ஓட்டை போட்டுவிடும். நான் பாறைப் பகுதியில் 24, மணல் பகுதியில் 20 வைக்கிறேன். கைப்பம்பும் இரண்டு டியூபும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் போடலாம். மணலில் காற்றைவிட முக்கியம் கைதான். எழுந்து நின்று, எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை ஒரே சீராகக் கொடுங்கள். முன் சக்கரம் பாம்பு போல நெளியும். நெளியட்டும். பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் முன் சக்கரம் புதைந்து, வண்டி அப்படியே சாயும்.

மழைக்கு நான் மிகவும் அஞ்சுகிறேன், மணலுக்கு அல்ல. அங்குள்ள சிவப்பு, சாம்பல் நிற மண்ணில் களி அதிகம். நனைந்ததும் அது பிசைந்த மாவு போல டயரில் ஒட்டிக்கொண்டு, முன் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைந்து, சக்கரத்தைச் சுழலவே விடாது. என் இரண்டாம் பயணத்தில் இருபது நிமிட மழைக்குப் பின் நூறு மீட்டர் நகர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டயர் மாற்றும் இரும்பால் களியைச் சுரண்டி எடுத்தோம், பத்தடி தள்ளினோம், மீண்டும் சுரண்டினோம். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது: உட்கார்ந்து காத்திருந்தால் போதும். மழை நின்று வெயிலும் காற்றும் பட்டால் சில மணி நேரத்தில் மேல்மண் இறுகிவிடும். ஆனால் காத்திருக்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். அதனால்தான் பன்னிரண்டு போதாது, பதினைந்து என்றேன். அந்த மூன்று லிட்டர் ஒரு நாள் சிக்கிக்கொள்வதற்கான முதலீடு.

ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், வெள்ளம் ஓடும் ஓடையைக் கடக்க முயலாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேட்டுநிலத்தில் பெய்த மழை கீழே வந்து சேரும். 2010 ஆகஸ்டில் ஒரே புயல் மழையில் மினரல் பாட்டத்தின் கொண்டை ஊசி வளைவுகளே அரித்துப் போய், அடுத்த ஆண்டுதான் சாலையைத் திறந்தார்கள். அப்போது ஒயிட் ரிமைச் சுற்றப் போனவர்களுக்கு மேற்கு வாயிலே இல்லாமல் போயிற்று. புறப்படும் நாள் காலையில் பார்வையாளர் மையத்தில் சாலை நிலவரத்தைக் கேளுங்கள். முன்னறிவிப்பில் இரண்டு நாள் மழை என்றால் பயணத்தை விட்டுவிடுங்கள். அனுமதிச்சீட்டுப் பணம் போனால் போகட்டும்.

நெடுஞ்சாலை நாடோடி

மணலில் எடை குறைந்திருக்கும் என்ற கணக்கைத் திரும்பப் படித்தேன். முதல் முறை செல்பவர்களுக்கு வலச்சுற்றே பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இன்னமும் இடச்சுற்றுத்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

டென்வர்க்காரன்

இன்று காலை கூஸ்பெரியில் யாரோ ரத்து செய்த இடம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது, ஏர்போர்ட்டை விட்டுவிட்டோம். இனி இரண்டாம் நாள் ஓட்டம் 60 கிலோமீட்டராகக் குறைகிறது. வலமாகத்தான் சுற்றுகிறோம்.

மைத்துனர் மோவாபில் தங்குவார். எங்கள் செயற்கைக்கோள் கருவியின் செய்தி காலையிலும் மாலையிலும் அவருக்குப் போகும். மூன்றாம் நாள் நண்பகலில், மண் உலர்ந்திருந்தால், மினரல் பாட்டம் சாலையின் மேல்முனை வரை அவருடைய கார் வந்துவிடும் என்று தெரிகிறது; கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காமல் மேலேயே காத்திருப்பார். நேற்றிரவு வாகனக் கூடத்தில் ஏழு மடிப்புப் பைகளை நிரப்பி வண்டியில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் உள்ள கட்டுமான மணல்மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறை விழுந்தேன். பை ஒன்றும் கிழியவில்லை.

வாங்கிய பத்து லிட்டர் கேனில் பெட்ரோல் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று மைத்துனர் கேட்கிறார். தண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன்.